கடலடி லிட்டர்

2025 செப்டம்பர் கடைசியில் அந்தமானிலிருந்து ஒரு செய்தி வந்தது. தீவின் கிழக்குக் கரைக்கு 17 கிலோமீட்டர் தள்ளி, 295 மீட்டர் ஆழமுள்ள கடலில், ஆயில் இந்தியா நிறுவனம் ஸ்ரீ விஜயபுரம்-2 என்ற கிணற்றைத் துளைத்தது. இலக்கு ஆழம் 2650 மீட்டர். அதில் 2212-க்கும் 2250-க்கும் இடைப்பட்ட பகுதியைத் திறந்து சோதித்தபோது வாயு விட்டுவிட்டு எரிந்தது. மாதிரியைக் கப்பலில் ஏற்றிக் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ப் பகுத்துப் பார்த்தார்கள். 87 விழுக்காடு மீத்தேன். பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி அறிவித்தார். மறுநாள் நாளிதழ்கள் எல்லாம் ‘எவ்வளவு இருக்கும்?’ என்ற கேள்வியில் இறங்கிவிட்டன.

அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடலடியில் அந்த அழுத்தத்தில், அந்த வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர், மேலே வந்தால் எத்தனை லிட்டர்? இது தெரியாமல் எவ்வளவு என்பதற்கு விடையே இல்லை. வாயுவாக இருந்தால் அடியிலுள்ள ஒரு லிட்டர் மேலே வந்ததும் ஊதிப் பெருகும். 220 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 220 மடங்கு அழுத்தத்திலிருந்து வருவது ஏறத்தாழ 200 லிட்டர் ஆகும். கச்சா எண்ணெயாக இருந்தால் கதை தலைகீழ். அடியில் ஒன்றரை லிட்டராக இருந்தது மேலே ஒரு லிட்டராகச் சுருங்கி நிற்கலாம். இரண்டும் கலந்த கலவை என்றால், அளந்து பார்க்கும்வரை யாரும் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கன அளவு நிலையில்லாதது என்பதை நாம் பாதியளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். பெட்ரோல் பங்கில் விலைக்குப் பக்கத்தில் அடர்த்தி என்று ஓர் எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 15 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய எண். பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரிகிறது. சித்திரை வெயிலில் ஒரு லிட்டர் போட்டுக்கொண்டவரும் மார்கழிக் காலையில் ஒரு லிட்டர் போட்டுக்கொண்டவரும் வாங்கிய எடை ஒன்றல்ல. சந்தேகம் வந்தால் ஜாடியில் பெட்ரோல் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் வெப்பமானியும் போட்டு அளந்து காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் பலகையில் அழுத்தம் இருக்காது. தேவையும் இல்லை. காற்றழுத்தம் ஒரு மடங்கு கூடினாலும் பெட்ரோல் சுருங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். தரைமேல் வாழ்பவர்களுக்குத் திரவம் அமுங்காத பொருள்.

அறிவியலும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. 17-ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகர அறிஞர்கள் ஓர் உலோகக் கோளத்தில் நீரை நிரப்பி அடைத்து, கோளத்தை நசுக்கினார்கள். நீர் சுருங்கவில்லை, உலோகத்தின் நுண்துளைகள் வழியே முத்துமுத்தாகக் கசிந்தது. அதையே நீர் அமுங்காது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். 1762-இல் ஜான் கான்டன் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், மெல்லிய கழுத்துள்ள கண்ணாடிக் குமிழில் நீரை வைத்து, சுற்றியுள்ள காற்றை எடுத்தும் ஏற்றியும் நீர்மட்டம் துளியூண்டு ஏறி இறங்குவதைக் காட்டினார். அமுங்குகிறது! ஆனால் ஒரு தொல்லை. அழுத்தத்தில் நீர் மட்டுமா சுருங்குகிறது? பாத்திரமும் உருமாறுகிறது. அளவுகோலே நெளியும்போது எதை நம்புவது?

இதற்கு டென்மார்க்கின் எர்ஸ்டெட் 1822-இல் ஒரு வழி கண்டார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்த அதே எர்ஸ்டெட்தான். அளக்கும் கண்ணாடிக் குமிழை அப்படியே இன்னொரு வலுவான பாத்திரத்துக்குள் வைத்து, இரண்டிலும் ஒரே அழுத்தத்தை ஏற்றினார். குமிழின் சுவர் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சமமாக அழுத்தப்படுவதால் விரிசல் விடாது, புடைக்காது. கண்ணாடி தானாகச் சுருங்கும் சிறு அளவை மட்டும் கணக்கில் சேர்த்தால் போதும். இன்றைய உயர் அழுத்தக் கருவிகளில் பல, இந்த ஒரு யோசனையின் பிள்ளைகள்.

அடுத்த பெரிய அடி கடலிலிருந்தே வந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் ஆழ்கடலுக்குள் வெப்பமானிகளை இறக்கி வெப்பநிலை எடுத்தது. ஆழத்து அழுத்தம் கண்ணாடியை நசுக்கிப் பாதரசத்தை மேலே தள்ளியிருந்தால் அத்தனை அளவீடும் பொய்யாகிவிடுமே என்ற கவலை எழுந்தது. எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட்டிடம் அந்த வேலை போனது. பிழை சிறியதுதான் என்று காட்டிய அவர் அதோடு நிற்கவில்லை. நீரின் அமுக்கத்தன்மையையே முறையாக அளந்து 1888-இல் வெளியிட்டார். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட நீர் சுருங்குகிறது, ஆனால் ஒவ்வொரு அடுத்த அழுத்தத்துக்கும் முன்னைவிடக் குறைவாகச் சுருங்குகிறது; மேலும் மேலும் முரண்டு பிடிக்கிறது. உலகக் கடல்களின் நீர் தன் எடையால் அமுங்காமல் இருந்தால் கடல்மட்டம் இன்றைவிட 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் படமெடுத்துக்கொள்ளும் கடற்கரை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

எண்ணெய்ப் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் இன்றும் டெய்ட் சமன்பாடு என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அது டெய்ட் எழுதிய சமன்பாடு அல்ல. யாரோ வழியில் உருமாற்றியது அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. 1967-இல் ஹேவர்ட் என்பவர் இதை எடுத்துக்காட்டி எழுதினார். யாரும் பெயரை மாற்றவில்லை.

நீர் உண்மையில் பிடிவாதக்காரத் திரவம். 1000 பார் அழுத்தத்தில், அதாவது கடலுக்குள் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில், 4 விழுக்காடுதான் விட்டுக்கொடுக்கும். கரிமத் திரவங்கள் அப்படியில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் தளர்ந்து கிடப்பதால் நன்றாக அமுங்கும். அதே 1000 பாரில் டொலுவீன் 6 விழுக்காட்டைத் தாண்டும். பெட்ரோலின் உறவுக்காரனான ஹெக்சேன் 10 விழுக்காடு வரை சுருங்கிவிடும். அமெரிக்க இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் 1913-இல் ஆல்கஹால்கள், ஈதர், அசிட்டோன் என்று 12 திரவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 12,000 மடங்கு வரை நசுக்கி, 20 முதல் 80 டிகிரி வரை கன அளவை அளந்து அட்டவணை போட்டார். அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் அடைப்பை அவர் கண்டுபிடித்திருக்காவிட்டால், அதில் கால்வாசி அழுத்தத்திலேயே எல்லாம் ஒழுகிப்போயிருக்கும். 1946-இல் நோபல் பரிசு கிடைத்தது. உயர் அழுத்த அறிவியலின் வரலாற்றை ஒழுகாமல் அடைப்பதன் வரலாறு என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த வித்தியாசம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் ரோசப்-6000 என்ற ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தியை 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் ஆழம் வரை இறக்கியது. இப்படிப்பட்ட ஊர்திகளில் மோட்டார்களையும் மின் இணைப்புகளையும் தடித்த உலோகப் பெட்டிக்குள் வைப்பதைவிட, எண்ணெய் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, உள்ளழுத்தத்தைக் கடலழுத்தத்தோடு சமமாக்கிவிடுவது வழக்கம். எர்ஸ்டெட்டின் யோசனையேதான். ஆனால் 600 பாரில் எண்ணெய் மூன்று நான்கு விழுக்காடு அமுங்கும். 30 டிகிரிக் கடல்மேற்பரப்பிலிருந்து 2 டிகிரிக் குளிருக்குப் போகும்போது இன்னும் 2 விழுக்காடு சுருங்கும். 10 லிட்டர் எண்ணெயில் அரை லிட்டர் காணாமல் போகிறது. அந்த அரை லிட்டரைத் தரும் இரப்பர்ப் பை ஒன்று கூடவே இல்லையென்றால் அந்த இடத்தை உப்புநீர் நிரப்பிவிடும்.

இதுவரை பேசியது தனித் திரவங்களைப் பற்றி. கலவை என்றால் இன்னொரு கணக்கு உடைகிறது. 50 மில்லி ஆல்கஹாலோடு 50 மில்லி நீரைச் சேர்த்தால் 100 வராது. 96, 97-இல் நின்றுவிடும். பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் கலந்தாலோ எதிர்மாறாகச் சற்று விரியும். கூட்டல் கணக்கு மூலக்கூறுகளுக்குப் பொருந்தாது. ஒன்று மற்றொன்றின் இடுக்கில் நுழைகிறது, அல்லது ஒன்றையொன்று தள்ளிக்கொள்கிறது. அழுத்தம் ஏறினால் இந்தக் கூடுதல் குறைவும் மாறும். இரண்டு பொருள் கலந்தாலே இப்படி. கச்சா எண்ணெயில் நூற்றுக்கணக்கான பொருள்கள்.

அவற்றுள் மிகவும் சங்கடமானது மீத்தேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு நசுக்கினாலும் மீத்தேன் திரவமாகாது. ஆனால் எண்ணெயில் கரைந்திருக்கும்போது திரவத்துக்குள் இடம்பிடித்து உட்காருகிறது. திரவமே ஆகாத ஒன்றுக்குத் திரவ அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? 1942-இல் ஸ்டாண்டிங், காட்ஸ் என்ற இருவர், கரைந்த மீத்தேனுக்கும் ஈத்தேனுக்கும் ஒரு தோற்ற அடர்த்தியைக் கற்பித்து, வாயு நிறைந்த கச்சா எண்ணெயின் அடர்த்தியைக் கணக்கிட வழி சொன்னார்கள். பொய்யான எண்ணை வைத்து மெய்யான விடைக்கு நெருங்கும் வித்தை. பொறியியலில் இதற்கெல்லாம் யாரும் கூச்சப்படுவதில்லை.

சரி, எப்படித்தான் அளக்கிறார்கள்?

எண்ணெய்த் தொழிலில் பிவிடி செல் என்பார்கள். அழுத்தம், கன அளவு, வெப்பநிலை ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். தடித்த எஃகு உருளை, ஒருபக்கம் நீலக்கல் கண்ணாடிச் சன்னல், உள்ளே பிஸ்டன், சுற்றிலும் அடுப்பு. கிணற்றுத் திரவத்தை உள்ளே செலுத்தி, நிலத்தடி வெப்பநிலைக்குக் கொண்டுபோய், நிலத்தடி அழுத்தத்தைவிடச் சற்றே மேலே ஏற்றிவிட்டு, பிஸ்டனை மெல்லப் பின்னுக்கு இழுப்பார்கள். முதலில் அழுத்தம் மளமளவென்று விழும். கன அளவு கொஞ்சம்தான் கூடும். ஒரு கட்டத்தில் சன்னலில் முதல் குமிழ் தெரியும். மூடி திறந்த கோலி சோடாவில் நடப்பதுதான், நூறு மடங்கு அழுத்தத்தில். அதற்கப்புறம் பிஸ்டனை எவ்வளவு இழுத்தாலும் அழுத்தம் சோம்பலாகவே இறங்கும், வாயு வெளிவந்து இடத்தை நிரப்பிக்கொண்டே இருப்பதால். வரைபடத்தில் கோடு முறியும் அந்த இடம் குமிழ்ப்புள்ளி. ஒரு காலத்தில் பிஸ்டனுக்குப் பதில் பாதரசத்தையே தள்ளினார்கள். பாதரசம் ஒழுகாது, எண்ணெயில் கலக்காது, அளக்க எளிது. அளப்பவரின் நரம்புகளைத்தான் கெடுக்கும். இப்போது பெரும்பாலும் பாதரசம் இல்லாத செல்கள்.

அடர்த்திக்கு இன்னும் அழகான கருவி உண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் கிராட்கி, லியோபோல்டு, ஸ்டாபிங்கர் ஆகியோர் உருவாக்கி, ஆன்டன் பார் நிறுவனம் 1967-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. யு வடிவில் வளைத்த மெல்லிய குழாய். அதில் திரவத்தை நிரப்பி, குழாயை அதிரவிடுவார்கள். கனமான திரவம் என்றால் மெதுவாக அதிரும்; லேசானது என்றால் வேகமாக. அலைவு நேரத்தின் வர்க்கமும் அடர்த்தியும் நேர்கோட்டில் போகும். எடைபோட வேண்டாம், கன அளவு பார்க்க வேண்டாம், கடிகாரம் போதும். நேரத்தைத்தான் மனிதன் எல்லாவற்றையும்விடத் துல்லியமாக அளக்கக் கற்றிருக்கிறான் என்பதால், தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம்வரை அடர்த்தி கிடைக்கிறது. உயர் அழுத்தத்துக்கென்று செய்த குழாய்கள் 1000 பாரையும் தாண்டும்.

ஆனால் பழைய தொல்லை இங்கேயும் வந்து நிற்கிறது: அழுத்தம் ஏறினால் குழாயே விறைக்கிறது, விரிகிறது. ஆகவே ஒவ்வொரு அழுத்தத்திலும் ஒவ்வொரு வெப்பநிலையிலும், அடர்த்தி ஏற்கெனவே தெரிந்த நீர், டொலுவீன், டெக்கேன் போன்றவற்றை நிரப்பிக் குழாயைப் பழக்க வேண்டும். அந்தத் திரவங்களின் அடர்த்தி யாருக்குத் தெரியும்? முன்னொருவர் வேறொரு முறையில் அளந்து வைத்திருக்கிறார். அவர் அதற்கு முன்னவரை நம்பினார். கோடு பின்னால் பிரிட்ஜ்மன் வரை, டெய்ட் வரை போகிறது. இதற்கு மேல் சில்லறைத் தொந்தரவுகளும் உண்டு. கெட்டியான எண்ணெய் குழாயின் அதிர்வை இழுத்துப்பிடித்து, தான் இருப்பதைவிடக் கனம் என்று காட்டிக்கொள்ளும். அதற்குத் திருத்தம் போட வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் நான்காம் இலக்கம் போய்விடும். ஒரு சிறு காற்றுக்குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை முழுதும் வீண்.

கணினி இருக்கிறதே, சமன்பாட்டில் போட்டால் வராதா என்று கேட்கலாம். கனடாவில் பெங், ராபின்சன் இருவரும் 1976-இல் தந்த சமன்பாட்டைத்தான் உலகத்து எண்ணெய் மென்பொருள்கள் பெரிதும் நம்புகின்றன. எந்த அழுத்தத்தில் வாயு எவ்வளவு, திரவம் எவ்வளவு என்று சொல்வதில் அது கெட்டிக்காரன். திரவ அடர்த்தி என்று வந்தால் பல விழுக்காடு சறுக்கும். பிறகு அளந்த எண்ணைக் கொண்டுவந்து அதைச் சரிக்கட்டுவார்கள். என் கருத்தில், அளவீடு இல்லாத மென்பொருள் விடை, அழகாக அச்சடித்த ஊகம்.

கிணற்றுக்குள்ளேயே அடர்த்தி பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூட இயற்பியல்தான். கம்பியில் அழுத்தமானியை இறக்கி வெவ்வேறு ஆழங்களில் அழுத்தம் எடுங்கள். இரு ஆழங்களுக்கு இடையே அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அது நடுவில் நிற்கும் பாய்மத்தின் எடை. ஸ்ரீ விஜயபுரம்-2-இல் சோதித்த 38 மீட்டர் இடைவெளியை எடுத்துக்கொண்டால், அது முழுக்க உப்புநீராக இருந்தால் மேலுக்கும் கீழுக்கும் 4 பாரை ஒட்டிய வேறுபாடு இருக்க வேண்டும். எண்ணெய் என்றால் இரண்டரை, மூன்று. வாயு என்றால் 1 பாரில் பாதியளவுதான். 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இந்தப் பாதியைப் பிடிப்பதற்கு நல்ல குவார்ட்ஸ் அழுத்தமானி வேண்டும்.

இத்தனை கருவியும் மாதிரி கெடாமல் கைக்கு வந்தால்தான். அடியில் சூடாகவும் இறுக்கமாகவும் இருந்த திரவத்தை ஒரு குப்பியில் அடைத்து மேலே இழுக்கும்போது அது குளிர்கிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது, மூடிய குப்பிக்குள் சுருங்கினால் அழுத்தம் விழுகிறது, அழுத்தம் விழுந்தால் கரைந்திருந்த வாயு பிரிகிறது, மெழுகும் தாரும் சுவரில் ஒட்டுகின்றன. ஒட்டியது திரும்பக் கரைய மறுக்கும். அதனால் நல்ல மாதிரிக் குப்பிகளில் பின்பக்கம் உயர் அழுத்த நைட்ரஜனை அடைத்து வைத்திருப்பார்கள்; உள்ளே சுருங்கச் சுருங்க அது பிஸ்டனைத் தள்ளி அழுத்தத்தைக் காப்பாற்றும். ஆய்வகம் சேர்ந்த பிறகும் உடனே திறப்பதில்லை. நிலத்தடி வெப்பத்துக்குச் சூடேற்றி, நாட்கணக்கில் குலுக்கி, எல்லாம் மறுபடி ஒன்றாகக் கரைந்ததா என்று பார்த்த பிறகுதான் முதல் சொட்டு. அந்தமானில் இந்த வசதி கொண்ட ஆய்வகம் இல்லை. கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் எரிவாயுத் தொழிலுக்குக் கரைத்தளமாக இருக்கும் காக்கிநாடா வங்காள விரிகுடாவின் மறுகரையில் இருக்கிறது. கிணற்றுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு கடல் இருப்பது அந்தமானின் தனிச் சிக்கல்.

அழுத்தத்தை இழந்தால் சான்றே அழிந்துபோகும் என்பதை இதே அந்தமான் கடல் முன்னமே காட்டியிருக்கிறது. 2006-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளைப்புக் கப்பல் இந்தியாவின் எரிவாயு ஹைட்ரேட் தேடலுக்காக வந்து, இந்தியக் கடற்பகுதிகளில் 21 இடங்களில் துளைத்தது. அவற்றில் ஒன்று அந்தமானில். கடல்தரைக்குக் கீழே 600 மீட்டரை எட்டும் ஆழம்வரை, எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் மீத்தேன் ஹைட்ரேட் என்னும் பனிக்கட்டி போன்ற பொருள் கிடந்தது. உலகில் அதுவரை கண்ட மிகத் தடித்த, மிக ஆழமான ஹைட்ரேட் மண்டலங்களுள் ஒன்று. சாதாரணக் குழாயில் மண்ணை எடுத்தால் மேலே வருவதற்குள் உருகி, ஈரச் சாம்பல்தான் மிஞ்சும். அழுத்தத்தோடு அடைத்து எடுக்கும் குழாய்களையும் இறக்கியதால்தான் கணக்குக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

இனி அந்த 87 விழுக்காட்டுக்கு வருவோம். மீதி 13-இல் நைட்ரஜனும் கரியமில வாயுவும் இருந்தால் அது வெறும் சுமை. புரொப்பேன், பியூட்டேன், அதற்கும் மேற்பட்ட கனமானவை இருந்தால் கதையே வேறு. இதற்குப் பாடம் படிக்கத் தொலைதூரம் போக வேண்டாம். கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா முனைக்கு அப்பால், கடலைத் தாண்டினால் சுமத்ராவின் ஆச்சே. அங்கே 1971-இல் கண்டுபிடிக்கப்பட்ட அருண் வயல், ஒரு காலத்தில் உலகின் பெரிய எரிவாயு வயல்களுள் ஒன்று. நிலத்தடியில் ஏறத்தாழ 490 பார், 178 டிகிரி. அந்த நிலையில் கனமான ஹைட்ரோகார்பன்கள் வாயுவுக்குள் கரைந்து ஒரே பாய்மமாக இருந்தன. அழுத்தத்தைக் குறைத்தால் திரவம் வாயுவாகும் என்பதுதானே நம் அனுபவம்? இத்தகைய கலவையில் அழுத்தத்தைக் குறைத்தால் வாயுவிலிருந்து திரவம் சொட்டும். டச்சு இயற்பியலாளர் குனன் 1892-இல் விளக்கிய விந்தை இது.

அருண் வாயுவைச் செல்லில் வைத்து அளந்தபோது, அழுத்தம் இறங்குகையில் பிரியும் திரவம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று வந்தது. அற்பம் என்று தோன்றும். ஆனால் வயலின் அழுத்தம், திரவம் சொட்டத் தொடங்கும் பனிப்புள்ளிக்குக் கீழே இறங்கியபோது, கிணற்றடியைச் சுற்றியுள்ள பாறையில் அந்தச் சொட்டுகள் சேர்ந்து, வாயு வரும் வழியை அடைத்தன. கிணறுகளின் உற்பத்தித் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. செல் தந்த எண் சரிதான். 2 விழுக்காடு எங்கே போய்த் தேங்கும் என்று கேட்கத்தான் தாமதமாகிவிட்டது.

கடலடியில் பெருமளவு எண்ணெய் கண்ட கயானாவின் வரிசையில் அடுத்தது அந்தமான்தான் என்று அமைச்சர் பேசியதும், பீப்பாய்க் கணக்குகள் பறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பேசட்டும். ஒரு கிணற்றில் வாயு விட்டுவிட்டு எரிந்தது, அதில் 87 விழுக்காடு மீத்தேன் என்பதெல்லாம் அளந்து சொன்ன செய்தி. அது நல்ல செய்தி. கிணற்றடி அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்தக் கலவையின் அடர்த்தி என்ன, பனிப்புள்ளி எங்கே, ஒரு லிட்டர் மேலே எத்தனை லிட்டர் என்ற எண்கள் அடுத்தடுத்த கிணறுகளிலிருந்து வெளியாகும்போது, அவற்றைத்தான் முதலில் தேடிப் படியுங்கள். பீப்பாய் எண்ணிக்கை அவற்றைக் கொண்டு பெருக்கி வருவது.